மெக்கானிக்கின் காதும் கம்பெனியின் பூட்டும்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்துச் சாலையோரப் பட்டறைகளின் பிழைப்பு ஆட்டங்காண்கிறது. ‘கம்ப்யூட்டர் வந்தாயிற்று, காதால் கேட்டு ரிப்பேர் பார்த்த காலம் போயிற்று’ என்று சிலர் தீர்ப்பெழுதுகிறார்கள். நாம் இதை ஏற்கவில்லை.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகள் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. எஞ்சினைச் சுற்றிலும் சென்சார்கள். அவற்றை மேய்க்க ஒரு கம்ப்யூட்டர். கோளாறு வந்தால் விளக்கு எரியும். ஸ்கேனரை மாட்டினால் ஓர் எண் வரும். புகை குறைவது நல்லதுதான். அதைச் சுவாசிப்பவர்கள் நாம்தானே!

ஆனால் அந்த எண் எவ்வளவு சொல்கிறது? பெட்ரோல் வண்டியில் ‘பி 0171’ என்று வந்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் சேரவில்லை என்று பொருள். ஏன் சேரவில்லை? ரப்பர் குழாய் வெடித்துக் காற்று புகுந்திருக்கலாம். பம்பு சோர்ந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரே அழுக்கேறிப் பொய் சொல்லலாம். எண்ணை மட்டும் நம்பிச் சென்சாரை மாற்றினால் வண்டிக்காரரின் காசுதான் கரையும். ‘உஸ்’ஸென்று காற்று இழுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் காது வேண்டும். ராஜபாளையம் மில்லில் ஸ்பிண்டில் ஓடும் சத்தத்திலேயே கோளாறை அறியும் பிட்டருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, காதுக்கும் கருவிக்கும் சண்டையில்லை. கருவியைக் கம்பெனிகள் பூட்டி வைத்திருக்கின்றன என்பதே விவகாரம். சாதாரண ஸ்கேனர் பொதுவான எண்களைப் படிக்கும். பல வண்டிகளில் புதிய பாகத்தை மாட்டியபின் அதைக் கம்ப்யூட்டர் ஏற்கச் செய்யக் கம்பெனியின் தனிக் கருவி வேண்டும். அது இல்லையென்றால், சிவகாசி மெக்கானிக் கோளாறைக் கண்டுபிடித்தும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். தொலைவிலுள்ள கம்பெனி சர்வீசுக்கு வண்டியை இழுத்துப்போகும் நாளில் வேன் டிரைவருக்கு வருமானமில்லை. அந்த வேனை நம்பியிருக்கும் பட்டாசுத் தொழிலாளிக்கும் கூலி போகிறது.

இது நமது கற்பனைப் புகாரல்ல. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்குகளுக்குத் திறமை போதாது, ஆபத்து நேரும் என்று கம்பெனிகள் வாதாடின. பாடப் புத்தகத்தை ஒளித்து வைத்துவிட்டுப் படிப்பில்லை என்று ஏசுகிற நியாயம் இது! ஆணையம் இதை ஏற்கவில்லை. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின.

ஏகபோகத்தின் தாயகமான அமெரிக்காவிலேயே, மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் வாக்களித்து, வெளிப் பட்டறைகளுக்கும் இந்த விவரங்களைத் தரவேண்டுமென்று சட்டம் கொண்டுவந்தார்கள். நமது மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் திறந்தது. இணையதளம் எந்த முதலாளியைக் கட்டுப்படுத்தும்?

கருவியும் கையேடும் நியாய விலையில் எல்லாப் பட்டறைக்கும் கிடைக்கச் சட்டம் வேண்டும். மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ.களில், தொழிலில் இருக்கும் மெக்கானிக்குகளுக்கு மாலை வகுப்பு வேண்டும். மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கிக் கலெக்டருக்கு அனுப்பக் கோருகிறோம்.