மெமரி சிப்பின் சமநிலை: மறைப்பது தீர்வாகாது

கைப்பேசியானாலும் வங்கிக் கணினியானாலும், டி-ரேம் என்னும் மெமரி சிப் இல்லாமல் இயங்காது. ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரு செல்லுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். மின்தேக்கியில் மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்பதே 1, 0 என்று பதிவாகிறது.

சிக்கல் அதைப் படிக்கும்போதுதான் வருகிறது. செல்லின் மின்னூட்டம் மிகச் சிறியது. அது கலக்கும் பிட் கம்பியோ நீளமானது. கம்பியின் மின்னழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வோல்ட் அளவுக்கே அசையும். அக்கம்பக்கக் கம்பிகளின் மின் இரைச்சல் அந்தச் சிறு அசைவை எளிதில் விழுங்கிவிடும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி, சமநிலை. பிட் கம்பிகளை இரண்டிரண்டாக அமைத்து, இரண்டையும் ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்துகிறார்கள். ஒன்றில் மட்டும் செல்லை இணைத்து, மற்றதோடு ஒப்பிடுகிறார்கள். தராசின் இரு தட்டுகளிலும் ஒரே காற்று அடித்தால் முள் நகராது அல்லவா? அதுபோல, இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கும் இரைச்சல் தானே நீங்கிவிடுகிறது. இரு கம்பிகளையும் அருகருகே ஓடவிட்ட ‘மடித்த பிட் கம்பி’ அமைப்பு இதை இன்னும் உறுதியாக்கியது.

ஆனால் அந்த அமைப்புக்கு இடம் அதிகம் தேவை. அதைவிட நான்கில் ஒரு பங்கு குறைந்த பரப்பில் செல்லை அடக்கிவிடலாம் என்பதால், 2000-களில் தொழில்துறை முன்பிருந்த ‘திறந்த’ அமைப்புக்குத் திரும்பியது. அதில் ஜோடிக் கம்பிகள் வெவ்வேறு பகுதிகளில் கிடப்பதால், இரைச்சலைச் சமன்செய்வது கடினம். அடர்த்திக்காகக் கொடுத்த விலை அது.

நெருக்கம் இன்னொரு கேட்டையும் கொண்டுவந்தது. செல்களின் ஒரே வரிசையைப் படிப்பதற்காக மீண்டும் மீண்டும் திறந்து மூடினால், பக்கத்து வரிசைச் செல்களின் மின்னூட்டம் கசிந்து 1 என்பது 0 ஆகிவிடுகிறது. ‘ரோஹாமர்’ எனப்படும் இந்தக் குறையைக் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளிப்படுத்தினார்கள். சோதித்த 129 மெமரி மாட்யூல்களில் 110-இல் இந்தப் பிழை ஏற்பட்டது. மறு ஆண்டே, இதைக் கொண்டு கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்றலாம் என்று கூகுள் பொறியாளர்கள் செய்து காட்டினார்கள்.

தயாரிப்பாளர்கள் டிடிஆர்4 சிப்புகளில் ஒரு தடுப்பைச் சேர்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் வெளியிடவில்லை. ஆம்ஸ்டர்டாம், சூரிச் ஆய்வாளர்கள் 2020-இல் சோதித்த 42 மாட்யூல்களில் 13-இல் அந்தத் தடுப்பு உடைந்தது. மறைத்து வைத்ததால் பாதுகாப்பு கூடவில்லை. குறை வெளியே தெரிவதுதான் தாமதமானது.

ஒவ்வொரு வரிசையும் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று எண்ணி, எல்லை தாண்டும்முன் பக்கத்து வரிசைகளின் மின்னூட்டத்தைப் புதுப்பிக்கும் முறை, 2024-இல் டிடிஆர்5 தரநிலையில் இடம்பெற்றது. வெளிப்படையாக வெளியிடப்பட்ட தரநிலையில் அது இருப்பதே பெரிய முன்னேற்றம்.

இத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒரு வரிசை எத்தனை முறை திறக்கப்படுவதை ஒரு சிப் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் அதன் தகவல் தாளிலேயே அச்சிட வேண்டும். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் கணினி வாங்குவோர், பிழைதிருத்தும் மெமரியையும் அந்த எண்ணையும் டெண்டரிலேயே கேட்க வேண்டும்.