வீட்டிற்கொரு வாணம்

குலசேகரன்பட்டினத்தில் நமது தேசத்தின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. அன்றைய தினமே ரோகிணி என்னும் சிறிய ஆராய்ச்சி ராக்கெட் ஒன்றும் அங்கிருந்து விண்ணில் ஏவப்பட்டது. இதற்கென 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் திருச்செந்தூர், சாத்தான்குளம் தாலூகாக்களில் எடுக்கப்பட்டிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென் திசை நோக்கிச் செல்லும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கலாகாது என்பதற்காக வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளைவில் எரிபொருள் விரயமாகிச் சுமக்கும் பாரம் குறைகிறது. நமது கரைக்குத் தெற்கிலோ சமுத்திரமே அன்றி வேறில்லை.

நிலம் நம்முடையது, கடல் நம்முடையது. அறிவில் நமது பங்கு என்ன? வாயிற்காவலும் கூலி வேலையும் மாத்திரந்தானா? 1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, கப்பலை வேடிக்கை பார்க்க ஜனங்களை அழைக்கவில்லை. பங்கு எடுத்துக்கொள்ளும்படி அழைத்தார். அந்தப் பாடத்தை மறக்கலாகாது.

அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஆர்வில் கார்லைல் என்னும் பாதரட்சை வியாபாரி, 1954-ம் வருஷத்தில் தம் சகோதரருடன் கூடிக் காகிதக் குழாயினால் மாதிரி ராக்கெட் செய்தார். மருந்தைப் பிள்ளைகள் தாமே கலந்து கைகால்களை இழந்துவந்த அக்காலத்தில், முன்னமே தயாரித்த மருந்துக் குழலை உபயோகிக்கும் இம்முறை பல குடும்பங்களின் பொழுதுபோக்காயிற்று.

நம்மவர் தண்ணீர் ராக்கெட்டிலிருந்து தொடங்கலாம். சோடாபானம் அடைத்து வந்த பிளாஸ்டிக் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர் விட்டுத் தக்கையால் இறுக்கி, சைக்கிள் பம்பினால் காற்றடைத்தால், நீர் கீழே பீறிட, புட்டி மேலே பாயும். அது தலைகுப்புறப் புரண்டால், நுனியில் சிறிது களிமண் வைத்து அடியில் அட்டைச் சிறகுகள் ஒட்டுக. பாரம் முன்னும் காற்றின் தாக்குதல் பின்னும் அமைந்தால்தான் ராக்கெட் நேரே செல்லும் என்பதைக் குழந்தை தானே கண்டறியும். கோணமானியில் தூக்குநூல் கட்டிப் பார்க்கையில் 45 பாகை காட்டினால், நாம் நிற்கும் தூரமும் அது எழும்பிய உயரமும் ஏறக்குறைய ஒன்றே. திரிகோண கணிதம் இதனினும் தெளிவாக எந்தப் பள்ளியில் விளங்கும்?

ஓர் எச்சரிக்கை அவசியம். வெடியுப்பும் கந்தகமும் வீட்டில் கலப்பது சட்ட விரோதம், உயிருக்கும் அபாயம். சிவகாசியின் துயரங்களை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாதாரணத் தண்ணீர்ப் புட்டிகளும் காற்றின் அழுத்தந் தாங்காமல் வெடிக்கும்; காற்றடைக்கையில் எட்டியே நிற்க வேண்டும்.

பிள்ளை விளையாட்டினால் பரீட்சை கெடும் என்பார் சிலர். விழுந்த ராக்கெட்டை எடுத்துக் காரணம் தேடும் பிள்ளைக்குப் பரீட்சை ஒரு பொருட்டாகாது. ஆகவே சர்க்கார் சாத்தான்குளத்தில் ஒரு மைதானத்தை ஒதுக்கி, மாதம் ஒரு நாள் குறித்து, விஞ்ஞானிகளை அவ்விடம் அனுப்ப வேண்டும். தாய் தந்தையர் தம் ஆண்மக்களைப் போலவே பெண்மக்களையும் அழைத்து வரவேண்டும். நிலத்தைக் கொடுத்த ஊரின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்களாக மாத்திரம் இருந்துவிடலாகாது.