செக் எஞ்சின் லைட்: கோடு துப்புதான், தீர்ப்பு இல்லை!

"ஸ்கேனர்ல பி0420 காட்டுது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு சார்" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டிடாதீங்க. கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாக காரின் கணினி கணிக்கிறது. அந்தக் கோடுக்கு அர்த்தம் அவ்வளவுதான். புகைக்குழாய்க் கசிவு, ஆக்சிஜன் சென்சார் பழுது இருந்தாலும் இதே கோடு வரலாம்.

பல பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரின் வோல்டேஜ் சுமார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கும். பின்னால் உள்ளது பெரிதாக அசையாமல் இருக்கணும். கசிவு இல்லாமலும் அதுவும் துள்ளினால்தான் கன்வெர்ட்டர் மீது சந்தேகம்.

எனவே, விலை உயர்ந்த பார்ட்டை மாற்றும் முன் லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லுங்க. காட்டாத சர்வீஸ் சென்டருக்கு பில் போடும் உரிமை ஏது? ஆனா, லைட் விட்டு விட்டு எரிந்தால் மிஸ்ஃபயர். ஓட்டாமல் உடனே நிறுத்துங்க. கோடை அழித்து லைட்டை அணைப்பது ரிப்பேர் ஆகாது. புகை அப்படியேதான் வரும்.