களவு ஒரு வீட்டில், விசாரணை ஒரு தெருவில்

பொங்கலோ தீபாவளியோ கோடை விடுமுறையோ நெருங்கும்போதெல்லாம் காவல்துறையின் அறிவுரைகள் வெளியாகின்றன. வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் தர வேண்டும், நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும், வாசலில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும். பூட்டிய வீடுகளை ரோந்துக் காவலர்கள் கவனித்துக்கொள்வார்கள். இவை தேவையான அறிவுரைகளே. கன்னக்களவு ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை ஒரே இரவில் பறித்துவிடுகிறது. ஆனால் பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல் பகுதி அடுக்ககங்களில் இவற்றோடு எழுதப்படாத ஓர் அறிவுரையும் சேர்ந்துகொள்கிறது: 'வேலைக்கு வருபவர்கள்மேல் ஒரு கண் வைத்திருங்கள்.' களவு போனதும் முதல் விரல் யாரை நோக்கி நீளும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது.

குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் ஆலையிலிருந்து வந்தது. அப்பகுதியின் தோல் பதனிடும் தொழிலை உடலால் சுமந்ததில் தலித் உழைப்பாளர்களின் பங்கு பெரிது. இன்று உழைக்கும் மக்களின் தெருக்களிலிருந்து புறப்படுவோர்தான் அடுக்ககங்களில் பாத்திரம் துலக்குகிறார்கள், வாயிற்காவல் நிற்கிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள். பழைய டிரங்க் சாலையின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொருள்களை விற்றுப் பிழைப்போரும் உண்டு. அச்சரக்கைத் 'திருட்டுச் சாமான்' என்று எள்ளுவது சிலருக்கு வேடிக்கை. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு. ஏழை ஒருவர் விற்கிறார் என்பது அத்தகைய காரணம் ஆகாது.

ஒரே காவல் நிலையம், இரு நீதி

2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகம் இயங்குகிறது. ஆணையரகம் புதிது, புகாரை எடைபோடும் தராசு பழையது. வழக்குரைஞர்களாக நாம் மீண்டும் மீண்டும் காண்பது இதுதான். வசதியானவர் வீட்டில் பீரோ உடைக்கப்பட்டால் கைரேகை நிபுணர்கள் வருகிறார்கள், மோப்ப நாய் வருகிறது, தனிப்படை அமைகிறது. நம் தெருவில் ஒரு பெண் சீட்டுப் பணத்தில் வாங்கிய ஒன்றரைச் சவரன் சங்கிலியோ, கூலிக்குப் போகும் இளைஞரின் இருசக்கர வாகனமோ களவு போனால் கிடைப்பது பெரும்பாலும் வெறும் மனு ரசீது. முதல் தகவல் அறிக்கை இல்லாததால் அக்களவு குற்றப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. ஆகவே நம் தெரு களவுக்கு ஆளாகும் தெருவாக எவர் கண்ணிலும் படுவதில்லை. களவாளிகளைத் தேடும் தெருவாக மட்டுமே படுகிறது.

இந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1871இல் வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது, பிறப்பையே குற்றமாக்கியது. 1947இல் இம்மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பெயர் மாறியது; பதிவேடு மாறவில்லை.

ஒரு நகைப் புகாரின் விலை

1993இல் ஒரு நகைத் திருட்டுப் புகாரின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு உயிருடன் திரும்பவில்லை. 'ஜெய் பீம்' திரைப்படத்தின் வழியாக இளைஞர்கள் அறிந்த அந்த வழக்கை முடிந்த கதையாகக் கருதியவர்களை 2025 ஜூன் உலுக்கியது. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமாரிடம், வழிபட வந்தவர்கள் காரை நிறுத்தித் தருமாறு சாவியைக் கொடுத்தனர். பின்னர் காரிலிருந்த நகையைக் காணோம் என்று புகார் எழுந்தது. முறையாக வழக்குகூடப் பதியாமல் தனிப்படையினர் அவரை அடித்து விசாரித்தனர், அவர் இறந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கடுமையாகக் கண்டித்தது; காவலர்கள் கைதானார்கள்; வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது.

பிறர் உடைமையைக் காக்க நிறுத்தப்பட்ட மனிதரே முதல் சந்தேக நபரானார் என்பதை நாம் மறக்கலாகாது. பல்லாவரத்தில் அடுக்கக வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் ஒவ்வொரு காவலாளியும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

அடித்து வாங்கும் ஒப்புதலால் களவு கொடுத்தவருக்கும் பயனில்லை. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்று பாரதிய சாக்ஷிய அதிநியமின் 23ஆம் பிரிவு கூறுகிறது. அதன் வழியே கண்டெடுக்கப்படும் பொருளைப் பற்றிய பகுதி மட்டுமே விலக்கு. எளிய ஒருவரை அடைத்து வைத்து விசாரிக்கும் நேரத்தில் உண்மையான கன்னக்கள்வர் மாவட்ட எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

சட்டம் நம் பக்கம் தரும் கருவிகள்

வேலையாள் திருடினார் என்ற குற்றச்சாட்டு நியாய சன்ஹிதாவின் 306ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை தண்டனைக்குரியது. எனவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவும், 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பும் பொருந்தும்: கைது தானாக நிகழக் கூடாது, அதன் தேவையைக் காவலர் எழுத்தில் காட்ட வேண்டும், இல்லையேல் முன்னிலையாகுமாறு அறிவிப்புத் தர வேண்டும். சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்கிறது 179ஆம் பிரிவு. வீட்டுப் பணிப்பெண்ணைக் காலை முதல் மாலை வரை நிலையத்தில் உட்கார வைப்பது 'விசாரணை நடைமுறை' அல்ல, சட்ட மீறல். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவருக்குத் தீங்கு நேரும் வகையில், அச்சமூகத்தவர் அல்லாத ஒருவர் அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் அளித்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(q) பிரிவின்கீழ் குற்றம்.

2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில், சமூகப் பின்னணியை மட்டும் வைத்து எவர் பெயரையும் சரித்திரப் பதிவேட்டில் இயந்திரத்தனமாகச் சேர்க்கலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களின் கவனத்துக்கும் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா தீர்ப்பு, சீர்மரபினர் தன்னிச்சையாகக் கைது செய்யப்படாமல் காக்கக் காவல்துறைக்கு ஆணையிட்டது. வீடுதோறும் கேமரா வைக்கச் சொல்லும் காவல்துறைக்கு, நிலையங்கள் அனைத்திலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே அந்நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் தானாக முன்வந்து அதே சிக்கலை மீண்டும் கையில் எடுக்க நேர்ந்தது.

தெருவைக் காப்பது எப்படி

களவைத் தடுப்பது நம் கோரிக்கையும்கூட. முதலாவது, நம் புகார்கள் பதியப்பட வேண்டும். நிலையத்தில் மறுத்தால் 173(4)ஆம் பிரிவின்படி உயர் அதிகாரிக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதன் பிறகும் பலனில்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம். நகையின் ரசீது, புகைப்படம், கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றை முன்பே குறித்து வைப்பது புகாரை வலுவாக்கும்.

இரண்டாவது, தெருவிளக்கு. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அந்த மேடை நமக்கும் உரியது. எரியாத விளக்குகளின் பட்டியலையும், நம் தெருவுக்கு வராத ரோந்தையும் அங்கே எழுத்துபூர்வமாக வைத்துத் தீர்மானம் கோர வேண்டும்.

மூன்றாவது பொறுப்பு சட்டம் பயிலும் மாணவர்களுடையது. நம் தெருவிலிருந்து எவரேனும் களவு விசாரணைக்கு அழைக்கப்பட்டால், அவர் தனியே போகக் கூடாது. உடன் செல்லுங்கள், அறிவிப்பைக் கேளுங்கள், உள்ளே போன நேரத்தையும் அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், உடனே வழக்குரைஞருக்குத் தெரிவியுங்கள். மடப்புரத்தில் தேவைப்பட்டது அந்த முதல் சில மணி நேரப் பாதுகாப்புதான்.