பேரு பச்சை, கிணத்துத் தண்ணி பழுப்பு!

 

இப்போது எங்கே திரும்பினாலும் "பசுமைத் தொழில்" என்ற பேச்சுதான். மந்திரி பேசுகிறார். பேங்க் மேனேஜர் பேசுகிறார். சுற்றுச்சூழலைக் கெடுக்காத தொழில் தொடங்குங்கள், கடன் உண்டு, மானியம் உண்டு என்கிறார்கள். ரொம்ப சந்தோசம்ங்க. நாம் தொழிலுக்கு விரோதி இல்லை. நம்ம பிள்ளைகளும் மில்லுக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்கள்தான். ஆனால் ஒரே ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். அந்தப் பசுமைக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? தொழில் நடத்துகிறவரா, பக்கத்துத் தோட்டத்துக்காரரா?

நம்ம போத்தனூருக்கு வடக்கே நொய்யல் ஓடுகிறது. தெற்கே பொள்ளாச்சி ரயிலில் ஏறினால், கிணத்துக்கடவு தாண்டி இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. இந்தக் கேள்விக்குப் பதில் இந்த இரண்டு திசையிலும் இருக்கிறது.

நொய்யல் சொல்லும் பாடம்

நம்மைத் தாண்டிப் போகிற நொய்யல், சூலூர் வழியாகத் திருப்பூர் போய், அதற்கும் கிழக்கே ஒரத்துப்பாளையம் அணையில் சேர்கிறது. 1992ல் கட்டிய அணை அது. ஈரோடு, கரூர் பக்கம் பாசனம் பெறும் என்று சொல்லிக் கட்டினார்கள். நடந்தது என்ன? திருப்பூர் சாயப்பட்டறைகளின் உப்புத் தண்ணீர் வந்து அணையில் தேங்கியது. அணையைத் திறந்து விடுங்கள் என்று கேட்கிற விவசாயியைத்தான் ஊர் உலகம் பார்த்திருக்கிறது. அணையைத் திறக்காதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்ட விவசாயியை ஒரத்துப்பாளையத்தில்தான் பார்த்தோம்!

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது, விட்டால் லிட்டர் கணக்கில் அபராதம் கட்டு என்றது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009ல் அங்கேயும் அதே தீர்ப்பு. அப்புறமும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, திருப்பூர் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடு, கரண்டைப் பிடுங்கு என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

"தொழில் அழிஞ்சு போச்சு, ஊரே காலி" என்றார்கள். அழிந்ததா? சாயத் தண்ணீரை வடிகட்டி மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைத் தனியாக எடுக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசாங்கம் வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. இன்றைக்கு அதையே பெருமையாகச் சொல்லி வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கிறது திருப்பூர். அந்தப் பசுமை யாருடைய கருணையால் வந்தது? கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய விவசாயியால் வந்தது. மேடையில் பொன்னாடை வேறு யாருக்கோ!

தெற்கே நடப்பது என்ன?

இப்போது தெற்குத் திசைக்கு வருவோம். நம்ம தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள்தான் நார்க்கழிவு. ஒரு காலத்தில் ரோட்டோரம் மலை மாதிரி கொட்டிக் கிடந்தது, சீண்ட ஆளில்லை. இன்று அதைக் கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். ஐரோப்பாவில் செடி வளர்க்கச் சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுக்கும் மண்ணுக்குப் பதிலாக இது போகிறது. நல்ல காரியம். பசுமைத் தொழில் என்ற பேருக்குத் தகுதியான சரக்கு.

ஆனால் அந்தத் தூளில் உப்பு இருக்கிறது. உப்பு இருந்தால் வெளிநாட்டுக்காரர் வாங்க மாட்டார். அதனால் நல்ல தண்ணீரை ஊற்றி அலசுகிறார்கள். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. அலசின தண்ணீர் டீ டிகாசன் நிறத்தில் உப்போடு இறங்குகிறது. அடியில் சிமென்ட் தளம் இல்லாவிட்டால் அது எங்கே போகும்? பூமிக்குள் போகும். பூமிக்குள் போனால் நம்ம கிணற்றுக்கும் போருக்கும்தான் வரும். அங்கே வெளிநாட்டுச் செடிக்கு உப்பு ஆகாது. இங்கே நம்ம தென்னைக்கு மட்டும் ஆகுமாங்க?

பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்காக இதைச் சொல்லித்தான் மனு கொடுத்தார்கள். 2021 நவம்பரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. வெள்ளை என்றால் தகவல் சொன்னால் போதும். ஆரஞ்சு என்றால் வாரியத்தின் இசைவு வாங்க வேண்டும். உடனே "பழையபடி வெள்ளையாக்கு" என்று குரல் கிளம்பியது. பட்டியல் எந்த நிறமாக இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. நம்ம கிணற்றுத் தண்ணீர் என்ன நிறம் என்பதுதான் நம்ம கேள்வி!

மட்டை விலை விழுந்துடுமா?

"செலவு ஏறினா மட்டை விலையைக் குறைப்போம், நஷ்டம் உங்களுக்குத்தான்" என்று ஒரு மிரட்டல் வருகிறது. நம்மில் பலர் மட்டையை விற்றுத்தான் தோப்புச் செலவைப் பார்க்கிறோம். இந்தப் பயம் நியாயமான பயம்தான். ஆனால் கணக்குப் போடுங்கள். மட்டை வருஷா வருஷம் காய்க்கும். உப்பேறின கிணற்றை எந்த விலை கொடுத்து வாங்குவோம்? தண்ணீர் போனால் தென்னை போகும். தென்னை போனால் மட்டை ஏது, நார் மில் ஏது? நம்ம தண்ணீரைக் காப்பது அவர்கள் தொழிலையும் காப்பதுதான்.

பெரிய வித்தையும் தேவையில்லை. அலசும் இடத்துக்குச் சிமென்ட் தளம், ஓரத்தில் கால்வாய், சேர்க்கத் தொட்டி. கடைசி அலசலில் வரும் தெளிந்த தண்ணீரை அடுத்த லோடின் முதல் அலசலுக்கு எடுத்தால் பாதித் தொல்லை தீரும். திருப்பூரில் சாயத்தையே வடிகட்ட முடிந்தது. தூள் அலசின தண்ணீரை முடியாதா?

நாமும் இதில் இறங்கலாம். நார்க்கழிவை அடுக்கடுக்காகப் போட்டு, டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் சேர்த்து, ஈரம் காயாமல் வைத்தால் இரண்டு மாதத்தில் உரமாகும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்த முறைதான். பத்து விவசாயிகள் கூடினால் அதுவே ஒரு பசுமைத் தொழில். மானியம் முதலில் இதற்கு வரட்டும்!

நமது கோரிக்கைகள்

1. சிமென்ட் தளமும் தொட்டியும் இல்லாமல் நார்க்கழிவு அலச அனுமதிக்காதே!
2. அலசத் தண்ணீர் எடுக்கும் போருக்கு மீட்டர் பொருத்து!
3. சுற்றிலும் உள்ள கிணறுகளின் தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதித்து, முடிவைக் கிராம சபையில் படி!
4. கெட்டுப்போன கிணற்றுக்குக் கெடுத்தவரிடமே நஷ்ட ஈடு வாங்கிக் கொடு!
5. தொட்டி கட்டச் சிறு ஆலைகளுக்கும், உரம் தயாரிக்க விவசாயிக் குழுக்களுக்கும் வட்டியில்லாக் கடன் கொடு!

உழவர் பெருமக்களே! 1972ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்திக் காட்டியவர்கள் நம்ம அப்பனும் பாட்டனும். நாம் வண்டி பூட்ட வேண்டாம். உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். ஊர்ப் பேரும் பூமி சர்வே நம்பரும் எழுதி ஒட்டுங்கள். கலெக்டர் ஆபீசில் மாதா மாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு கொண்டு வாருங்கள். ஒரு பாட்டில் வந்தால் ஓரமாக வைப்பார்கள். நூறு பாட்டில் வந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!

லாபம் உனக்கு, உப்பு எனக்கா?
தண்ணீரைக் காப்போம்! தோட்டத்தைக் காப்போம்!
திரண்டு வாரீர்! திரண்டு வாரீர்!

இவண்,
சங்கத்து விவசாயிகள்,
போத்தனூர் சுற்று வட்டாரம்.