கடன் மதிப்பெண்ணும் நடத்தைச் சான்றும்

வேலைக்கு வருபவரின் நேர்மையை அவரது கடன் வரலாற்றைக் கொண்டு தீர்மானிக்கும் வழக்கம் பொதுத்துறை வங்கிகளின் ஆள்சேர்ப்பில் வேரூன்றிவிட்டது. ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றின் தவணைகளைக் கட்டிய விதத்தையும் வைத்து 300 முதல் 900 வரை கணக்கிடப்படும் எண்ணே, பேச்சில் ‘சிபில் ஸ்கோர்’ என வழங்கும் கடன் மதிப்பெண். தவணை தவறியதாகப் பதிவுள்ளவர்கள் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கையிலேயே நிபந்தனை விதித்த பாரத ஸ்டேட் வங்கி, அதன்படி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது. பாக்கி முழுவதையும் முன்பே அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டும், பொதுப்பணத்தைக் கையாளுவோரிடம் நிதி ஒழுங்கை எதிர்பார்ப்பது நியாயமே என்று கருதிய சென்னை உயர் நீதிமன்றம், 2025 ஜூனில் வங்கியின் முடிவை உறுதிசெய்தது. நிபந்தனை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்ததால் தீர்ப்பில் சட்டப்பிழை காண்பது கடினம். நிபந்தனையில் அறப்பிழை காண்பது எளிது.

அந்த வங்கியின் பூர்விகம் 1806இல் கொல்கத்தாவில் தொடங்கிய பாங்க் ஆஃப் கல்கத்தா. அதே நகரம் தன் தலைசிறந்த மனிதர்களுள் ஒருவராகப் போற்றும் ஈசுவர சந்திர வித்யாசாகரோ பெருங்கடனாளியாக வாழ்ந்தவர். 1856இல் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறப் பாடுபட்டதோடு நில்லாமல், அத்தகைய திருமணங்களைத் தம் செலவிலேயே நடத்திவைத்தவர், 1858இல் மாதம் 500 ரூபாய் சம்பளம் தந்த அரசுப் பணியைக் கருத்து வேறுபாட்டால் துறந்த பிறகும் அச்செலவை நிறுத்தவில்லை. பிரான்சின் வெர்சாய் நகரில் கடன்காரர்களிடம் சிக்கிச் சிறைக்கு அஞ்சியிருந்த கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் 1864இல் உதவி கேட்டு எழுதியபோது, தாமே பிறரிடம் கடன்பட்டு அவருக்குப் பணம் அனுப்பினார். (தத்தர் ஊதாரித்தனத்துக்குப் பேர்போனவர் என்பது வித்யாசாகருக்குத் தெரியாததன்று.) கடன் கழுத்தை நெரித்தபோது, நண்பர்கள் பொதுநிதி திரட்ட முனைந்ததை ஏற்க மறுத்துத் தம் அச்சகத்தின் பங்குகளை விற்றார். இன்றைய அளவுகோலை வைத்தால் இவர் வங்கி எழுத்தர் வேலைக்குத் தேறுவதே ஐயம். ஏனெனில் கடன் அறிக்கை எத்தனை நாள் தாமதம் என்று காட்டுமேயன்றி, அந்தத் தாமதம் சூதாட்டத்தால் வந்ததா, தாயின் மருத்துவச் செலவால் வந்ததா, ஆலை மூடியதால் வந்ததா என்று சொல்லாது.

வசதியை நாணயத்தின் அடையாளமாகக் கொள்வதன் மறுபக்கத்தையும் இதே நகரம் அனுபவித்திருக்கிறது. பொதுமக்களிடம் முதலீடு திரட்டி, பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் நடத்திச் செல்வாக்கோடு உலவிய சாரதா குழுமம் 2013 ஏப்ரலில் சரிந்தபோது ஏமாந்தவர்கள் சுமார் 17 லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுசேமிப்பாளர்கள்.

கடன் தவறியவர்கள் அனைவரும் உத்தமர்கள் என்று யாரும் வாதிடவில்லை; மோசடிக்காரரைக் கல்லாப்பெட்டி அருகே அமர்த்தும் கடமை எந்த வங்கிக்கும் இல்லை. ஆனால் வறுமையையும் வஞ்சகத்தையும் பிரித்தறியும் முறையை ரிசர்வ் வங்கி ஏற்கெனவே வகுத்திருக்கிறது. வசதி இருந்தும் வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர் என்று ஒருவரை அறிவிக்க, அவரது நிலுவை 25 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருக்கவேண்டும் என்றும், அதற்குமுன் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பி, பதிலளிக்க 21 நாள் தந்து, மறுஆய்வுக் குழுவின் முன் நேரில் பேசவும் வாய்ப்பளிக்கவேண்டும் என்றும் 2024 ஜூலையில் வெளியான அதன் நெறிமுறைகள் கூறுகின்றன. கோடிகளை விழுங்கியவரிடம் ‘ஏன் கட்டவில்லை’ என்று கேட்டுவிட்டே முத்திரை குத்தும் அமைப்பு, சில ஆயிரம் ரூபாய்த் தவணை தவறிய பட்டதாரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதுகூட இல்லை.

கல்விக்கடன் கோரும் மாணவரைக் கடன் மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. கடன் வாங்க வருபவருக்குக் கிடைத்த அந்த நியாயம், உழைத்துச் சம்பாதிக்க வருபவருக்கும் கிடைக்கவேண்டும். மதிப்பெண்ணைத் தகுதி விதியிலிருந்து வங்கிகள் நீக்கட்டும். ஐயமிருப்பின் காரணம் கேட்டு, 21 நாள் அவகாசம் தந்து, மோசடி நிரூபணமானால் மட்டும் நியமனத்தை மறுக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, நிதியமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.