வேட்டிக்குள் மறைத்த வீக்கம்

ஆரணிப் பட்டு என்றதும் எல்லோரும் சரிகையைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் தறியில் உட்காருகிறவரின் உடம்பைப் பற்றிப் பேசுவோம், தோழர்களே.

ஆரணியைச் சுற்றியுள்ள காலனிகளில் கூலிக்கு நெய்யும் அண்ணன்களில் சிலர், தொடை இடுக்கில் வீக்கம் இருப்பதைத் தயங்கித் தயங்கித்தான் எங்களிடம் சொல்கிறார்கள். குடலிறக்கம். படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் இறங்கும். வெளியே சொல்ல வெட்கம். ஆபரேஷன் செய்தால் சில வாரங்கள் தறி ஓடாது. கூலி நின்றுவிடும், வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும். ஆகவே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நெய்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் பல வருடம் நெய்தார். மலத்தில் ரத்தம் போகிறது என்று மருத்துவமனைக்குப் போனார். 'மூலம்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒருநாள் இரவு வீக்கம் உள்ளே போகவில்லை. வலி, வாந்தி. அவசர அறுவை சிகிச்சை நடந்தது. இறங்கிச் சிக்கியிருந்த பெருங்குடலிலேயே புற்றுநோய்க் கட்டி இருந்தது.

இது மிக அரிது. எல்லா வீக்கமும் புற்றுநோய் அல்ல. ஆனால் குடலிறக்கத்தைக் கையால் தொட்டு, இருமச் சொல்லித்தான் கண்டறிய வேண்டும். அவரைத் தொடாததற்குக் காரணம் கூட்டமா, சாதியா? எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் தொடாமல் விடப்படுவது என்ன என்று நமக்குத் தெரியும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. படுத்திருக்கும் நாட்களின் கூலிக்கு அதில் இடமில்லை. இஎஸ்ஐயில் விடுப்புக்குப் பணம் உண்டு, ஆனால் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தறிக்கூடத்துக்கு அது கட்டாயமில்லை. ஆக, உயிர் போகும் நேரத்து ஆபரேஷனுக்குப் பணம் இருக்கிறது. முன்கூட்டியே செய்துகொள்ள வழியில்லை. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனையும் வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்றோடு நிற்கிறது.

நம் கோரிக்கைகள் எளியவை. கைத்தறி நலவாரியம் அறுவை சிகிச்சைக்கால கூலியை ஈடுசெய்ய வேண்டும். காலனி முகாம்களில் ஆண்களிடம் வீக்கம் பற்றிக் கேட்க வேண்டும். மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அங்கேயே நடக்க வேண்டும்.

அதுவரை நம் வேலை: வீட்டில் அப்பாவிடம், சித்தப்பாவிடம் கேளுங்கள். வீக்கம் உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வெட்கத்தை முதலில் நாம் உடைப்போம்.

ஜெய்பீம்.